சருக்கரைக்கு இட்ட அடையாளம்

நுண்ணறிவியலைத் தமிழில் சொல்ல முடியாது என்பார் இன்றும் உளர். அவர் சொல்ல முயன்று தோற்றவர் அல்லர். முயலாமலே முடிவு கட்டியவர். அன்னார் ஒருமுறை வீரசோழன் ஆட்டுச்சந்தைக்கு வந்து பார்ப்பது நன்று.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த ஊர்களின் ஆடுகள் அங்கே கூடும். பல மந்தைகள் கலந்து நின்றாலும், இட்ட சாயப் பொட்டைக் கொண்டு தம் ஆட்டைப் பிரித்தறிவார் உரியவர். அப்பொட்டு ஆட்டின் மேய்ச்சலைத் தடுப்பதில்லை. உயிரணுவுக்குள் சருக்கரையைக் கண்டறியும் வேதியியலின் அடிப்படையும் இதுவே.

உயிரணுவினுள் கோல்கி என்றொரு நுண்ணுறுப்பு உண்டு. புரதங்களின்மேல் சருக்கரைச் சரங்களைக் கோத்துச் செப்பனிடும் பட்டறை அது. அச்சருக்கரையோ நிறமற்றது, அதைக் காண்பது எங்ஙனம்? வழி கண்டவர் அமெரிக்க வேதியியலார் கரோலின் பெர்ட்டோசி. மூன்று நைட்ரசன் அணுக்களாலான அசைடு என்னும் சிறு கொக்கியைச் சருக்கரையில் பூட்டி, உயிரணுவுக்கு ஊட்டச் செய்தார். வேறுபாடறியாத உயிரணு அதையும் தன் சரத்தில் கோத்துக்கொண்டது. பின்னர் அக்கொக்கியை மட்டுமே பற்றும் ஒளிர்சாயம் செலுத்தப்பட்டது.

அசைடைச் சாயத்தோடு விரைந்து இணைக்க முன்பு செம்பு வேண்டியிருந்தது. செம்போ உயிரணுவுக்கு நஞ்சு. எட்டுக் கரிம அணுக்களை இறுக்கி வளைத்த வளையத்தால், செம்பின்றியே அவ்விணைப்பு நிகழும் என 2004-இல் அவர் குழு காட்டியது. 2022-இல் சார்ப்லெசு, மெல்டல் ஆகியோருடன் அவர் நோபல் பரிசு பெற்றார்.

உயிரணுவின் புறத்தே உள்ள சருக்கரையைக் காண்பது எளிது. நுண்ணுறுப்பினுள் காண்பதே அரிது. சாயம் சவ்வுகளைக் கடந்து உட்புக வேண்டும். ஒட்டாத சாயம் முற்றும் வெளியேற வேண்டும். இல்லையேல் எங்கும் ஒளிரும், எதுவும் தெரியாது. இவ்வுழைப்பு வீணன்று. புற்றுநோய் உயிரணுக்கள் பல, சயாலிக் காடி என்னும் சருக்கரையைத் தம்மேல் மிகுத்துப் போர்த்திக்கொண்டு உடலின் காவலுக்குத் தப்புகின்றன. அப்போர்வை நெய்யப்படும் இடத்தையும் முறையையும் அறிந்தால் மருந்துக்கு வழி பிறக்கும்.

இவ்வளவும் தமிழில்தானே சொல்லப்பட்டது? 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களும் வெளியிட்டார். அயலார் ஒருவர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதோ?

தமிழ்வழி பயிலும் வீரசோழன் ஆட்டுக்காரர் மகளுக்கு இவ்வறிவு எட்டாது போமாயின், குறை அவள் மொழியில் இல்லை. கற்றும் எழுதாதார் கையில் உள்ளது. பொட்டிடும் தந்தையைக் கண்டு வளர்ந்தவளுக்கு அசைடு அயலன்று. அறிந்தோர் எழுதுக! இன்றே எழுதுக!