அரிய துப்பாக்கியை ரசிக்கலாமா?

உந்த அழிவின்மை விதியைக் கற்பிக்கும் பாடத்தில் துப்பாக்கியைப் பற்றிய கேள்வி தவறாமல் வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் காணொளி விளையாட்டுப் பிரியராக இருப்பார். அண்மைக் காலமாக ஒரு பெயர் அடிக்கடி காதில் விழுகிறது: பிரிட்டனின் இஎம்-2. “சார், அதுதான் உலகிலேயே சிறந்த துப்பாக்கியாமே? அரசியல்வாதிகள் கெடுத்துவிட்டார்களாமே?” என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள நான் விரும்பவில்லை. “ஆயுதத்தைப் பற்றிப் பேசாதே” என்று வாயை அடைப்பது எளிது. ஆனால் அப்படி அடைத்தால், அதே மாணவர் அதே கதையை வேறெங்கோ அரைகுறையாகக் கேட்டு நம்பிவிடுவார். எனவே நீங்கள் ரசிக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் முழுமையாக ரசியுங்கள். பொருளின் திறமையை மட்டும் பார்த்துவிட்டு, அது எழுதாத தேர்வையும், அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் மறந்துவிடுவது அரைகுறை ரசனை.

முதலில் திறமையைப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களின் கையில் இருந்தது லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. அதன் .303 தோட்டா ஆயிரம் மீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லக்கூடியது. ஆனால் காலாட்படையின் சண்டை பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் நடந்தது. தேவையற்ற தொலைவுக்காக, கனமான தோட்டாவையும் தோளை இடிக்கும் பின்னுதைப்பையும் ஒவ்வொரு வீரரும் சுமந்தார். ஜெர்மனியும் சோவியத் யூனியனும் இதை உணர்ந்து, போர்க்காலத்திலேயே ஆற்றல் குறைந்த தோட்டாக்களை உருவாக்கிவிட்டன.

போர் முடிந்ததும் பிரிட்டனும் அதே கேள்வியைக் கேட்டது. கிடைத்த விடை .280 தோட்டா. அதற்காக இங்கிலாந்தின் என்ஃபீல்டு நகரில் உருவான துப்பாக்கிகளில் ஒன்றுதான் இஎம்-2. அதன் வடிவமைப்புக் குழுவை நடத்தியவர், போலந்து நாட்டைச் சேர்ந்த பொறியாளர் ஸ்டெஃபன் ஜான்சன்.

அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். லீ-என்ஃபீல்டு நான்காம் எண் துப்பாக்கியின் மொத்த நீளம் 1,129 மில்லிமீட்டர். அதன் குழல் 640 மில்லிமீட்டர். இஎம்-2இன் மொத்த நீளம் 889 மில்லிமீட்டர். குழல் 623 மில்லிமீட்டர். துப்பாக்கி 24 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. குழலோ 2 சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை. குழல் நீளமாக இருந்தால்தான் வெடிவாயு குண்டை நீண்ட தூரம் தள்ள முடியும். விசையைத் தொலைவால் பெருக்கினால் வேலை. அந்த வேலைதான் குண்டின் இயக்க ஆற்றலாகிறது. குழலை வெட்டினால் வேகம் குறையும்.

இதை எப்படிச் சாதித்தார்கள்? தோட்டாப் பெட்டியையும் வெடிப்பு நடக்கும் பகுதியையும் டிரிகருக்குப் பின்னால், தோளில் அழுத்தும் கட்டைக்குள்ளேயே நகர்த்தினார்கள். வெறுமனே கிடந்த இடம் பயன்பட்டது. இந்த அமைப்பைப் ‘புல்பப்’ என்பார்கள்.

இதற்கு நேரெதிரான வழிக்கு நம் வட்டாரமே சாட்சி. மலாயாவில் 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், காட்டுக்குள் சென்ற பிரிட்டிஷ் வீரர்கள் பலரிடம் லீ-என்ஃபீல்டு ஐந்தாம் எண் துப்பாக்கி இருந்தது. ‘காட்டுத் துப்பாக்கி’ என்றே அதற்குப் பெயர். அதன் எடையைக் குறைத்து, குழலை 478 மில்லிமீட்டராக வெட்டிச் சுருக்கினார்கள். விளைவு? அதே .303 தோட்டா, இலேசான துப்பாக்கி; அதனால் பின்னுதைப்பு கூடியது. குழல்முனைத் தீப்பிழம்பும் பெரிதானது. அதை மறைக்கக் கூம்பு ஒன்றைப் பொருத்த வேண்டியதாயிற்று. அப்படியும் அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். இஎம்-2 அதைவிடக் குட்டை. ஆனால் குழல் நீளம்.

இஎம்-2இன் இன்னொரு நுட்பம் நீங்கள் படிக்கும் திருப்புதிறனோடு தொடர்புடையது. பழைய துப்பாக்கிகளில் தோள்கட்டை, குழலைவிடத் தாழ்ந்திருக்கும். சுட்டதும் பின்னுதைப்பு குழலின் கோட்டில் வருகிறது. தோள் அதைக் கீழிருந்து தாங்குகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தொலைவால் துப்பாக்கி முனை மேல்நோக்கித் துள்ளுகிறது. இஎம்-2இல் கட்டை, குழலின் நேர்கோட்டிலேயே இருக்கிறது. தொலைவு குறைந்தால் திருப்புதிறனும் குறையும். ஆனால் அப்படிச் செய்தால் குறிபார்க்கும் கண் குழலுக்கு மிக உயரத்தில் இருக்கும். எனவே தூக்கும் கைப்பிடியின் மேல் லென்ஸ் வைத்த குறிகாட்டியை நிலையாகப் பொருத்தினார்கள். ஒரு தீர்வு இன்னொரு சிக்கலைக் கொண்டுவர, அதற்கும் ஒரு தீர்வு. பொறியியல் என்பது இந்தத் தொடர்ச்சிதான்.

இனி ஒரு சிறு கணக்கு. .280 குண்டின் நிறை ஏறத்தாழ 9 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 775 மீட்டர். பிறகு நேட்டோ தேர்ந்தெடுத்த 7.62 மில்லிமீட்டர் குண்டுக்கு ஏறத்தாழ 9.5 கிராம், 840 மீட்டர். உந்தத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: முதலாவதற்கு ஏறத்தாழ 7, இரண்டாவதற்கு 8 (கிலோகிராம் மீட்டர்/நொடி). வேறுபாடு சிறிதாகத் தெரிகிறதா? இரண்டையும் 3.4 கிலோகிராம் எடையுள்ள ஒரே துப்பாக்கியிலிருந்து சுடுவதாக வைத்துக்கொள்வோம். வெடிவாயுவின் பங்கை விட்டுவிட்டாலும், துப்பாக்கி தோளை நோக்கிப் பாயும் இயக்க ஆற்றல் முதலாவதில் 7 ஜூல், இரண்டாவதில் 9 ஜூலுக்கும் சற்று மேல். உந்தம் 14 விழுக்காடுதான் கூடியது. உதையின் ஆற்றலோ ஏறத்தாழ 30 விழுக்காடு கூடிவிட்டது. வேகத்தின் இருமடி செய்யும் வேலை இது.

இந்தக் கணக்கின் விளைவு வரலாற்றிலேயே தெரிந்தது. 1951 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசாங்கம் இஎம்-2ஐ ஒன்பதாம் எண் துப்பாக்கியாக ஏற்றுக்கொண்டது. ஆனால் 1949இல் உருவான நேட்டோ கூட்டணிக்கு எல்லா நாடுகளும் பயன்படுத்தக்கூடிய ஒரே தோட்டா தேவைப்பட்டது. .280 போதிய வலிமையற்றது என்று அமெரிக்கா கருதியது. 1951 அக்டோபரில் வின்ஸ்டன் சர்ச்சில் மீண்டும் பிரதமரானார், முடிவு கைவிடப்பட்டது. 7.62 தோட்டா கூட்டணிக்குப் பொதுவானது. பிரிட்டன் பெல்ஜியத்தில் உருவான துப்பாக்கி ஒன்றைத் தழுவி, ஒவ்வொரு முறையும் டிரிகரை இழுத்து ஒற்றைக் குண்டு சுடும் வகையில் அமைத்துக்கொண்டது. அமெரிக்காவின் சொந்த எம்14, தொடர்ந்து சுடும்போது கட்டுக்குள் நிற்கவில்லை. அதே அமெரிக்கா 1960களில் .280ஐவிடவும் சிறிய 5.56 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாறியது. 1980இல் நேட்டோவும் அதை ஏற்றது.

இதைப் படித்ததும் “பார்த்தீர்களா, இஎம்-2தான் சிறந்தது!” என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன்.

சிறிய தோட்டா வேண்டும் என்ற கருத்து சரியென வரலாறு காட்டியது. ஆனால் கருத்து வேறு, இயந்திரம் வேறு. இஎம்-2 செய்யப்பட்டது மொத்தமே சில டஜன்கள். அது எந்தப் போரிலும் முழுமையாகப் பயன்படவில்லை. பல்லாயிரம் துப்பாக்கிகளைத் தொழிற்சாலையில் செய்யும்போது வரும் பிழைகளை அது சந்திக்கவில்லை. சேற்றிலும் மழையிலும் மணலிலும், சோர்ந்துபோன, அனுபவமற்ற வீரர்களின் கைகளில் ஆண்டுக்கணக்கில் அது அடிபடவில்லை. அதன் உள்பாகங்களை நுட்பமாகக் கடைந்தெடுக்க வேண்டியிருந்தது. காலியான உறை முகத்துக்கு அருகே வலப்பக்கம் தெறிக்கும். இடதுகைக்காரர் தோளை மாற்றிச் சுட முடியாது.

அறிவியல் மொழியில் சொன்னால், நம்மிடம் மாதிரிகள் மிகக் குறைவு. தோல்வித் தரவு இல்லை. தோல்வித் தரவு இல்லை என்பதும் தோல்வியே இல்லை என்பதும் ஒன்றல்ல. தேர்வே எழுதாத மாணவருக்கு ஒரு பாடத்திலும் தோல்வி இருக்காது. அதற்காக அவரை முதல் மாணவர் என்று சொல்வோமா?

ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டு. 1980களில் பிரிட்டன் மீண்டும் ஒரு புல்பப் துப்பாக்கியை, எல்85ஐ, படையில் சேர்த்தது. தாளில் அதுவும் அழகான வடிவமைப்புதான். களத்தில் அது அடிக்கடி அடைத்துக்கொண்டதாகப் புகார்கள் எழுந்தன. பிறகு ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் உதவியோடு பெருஞ்செலவில் திருத்தினார்கள். இஎம்-2 பெருமளவில் தயாராகியிருந்தால் அதற்கும் இப்படி நேர்ந்திருக்குமா, நேராதிருக்குமா என்பதற்குச் சான்றே கிடையாது. சான்று இல்லாத இடத்தில்தான் கதைகள் செழிக்கின்றன. அரிய பொருள்களுக்கு ரசிகர்கள் அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தேர்வு எழுதிய புல்பப்பைப் பார்க்க நீங்கள் வெகுதூரம் போகத் தேவையில்லை. தேசிய சேவையில் இருக்கும் உங்கள் அண்ணனைக் கேளுங்கள். சிங்கப்பூரில் வடிவமைக்கப்பட்டு 1999இல் அறிமுகமான எஸ்ஏஆர் 21 அதே அமைப்புதான். அதற்குமுன் இருந்த எம்16இன் நீளம் ஏறத்தாழ 99 சென்டிமீட்டர். எஸ்ஏஆர் 21க்கு 80.5 சென்டிமீட்டர். குழல் இரண்டிலும் 508 மில்லிமீட்டர்தான். கைப்பிடிக்குள்ளேயே லென்ஸ் குறிகாட்டியும் உண்டு. இஎம்-2இன் எண்ணங்கள் எவ்வளவு தூரம் நின்றன என்பதற்கு இது சாட்சி. ஆனால் இதற்குக் கிடைத்த மதிப்பு, ஆயிரக்கணக்கான சேவையாளர்கள் ஆண்டுக்கணக்கில் சேற்றில் புரண்டு சோதித்ததால் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மேலே ஜூல் கணக்குப் போட்டோம் அல்லவா? தோளில் 7 ஜூல் என்று எழுதினோம். குழலின் மறுமுனையில் புறப்படும் குண்டின் ஆற்றல் எவ்வளவு? அதே சூத்திரத்தில் போட்டால் ஏறத்தாழ 2,700 ஜூல். அது போய்ச் சேர வேண்டிய இடம் ஒரு மனித உடல். ‘உகந்த தோட்டா’ எது என்று ஆராய்ந்த அறிஞர்கள் அதைத் தெரிந்தேதான் கணக்குப் போட்டார்கள். விளையாட்டுத் திரையில் சுடப்பட்டவர் சில நொடிகளில் எழுந்துவிடுவார். இந்தக் கணக்கில் அப்படி ஒரு வரி கிடையாது. இயந்திரத்தின் நுட்பத்தைப் பாராட்டும்போது இந்த எண்ணையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். பாராட்டு அதனால் குறையாது, நிதானம் வரும்.

எனவே அடுத்த முறை யாராவது ஏதோ ஓர் அரிய இயந்திரத்தை “உலகிலேயே சிறந்தது” என்று சொன்னால், அது துப்பாக்கியாக இருந்தாலும் விமானமாக இருந்தாலும் கைப்பேசியாக இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தச் சிக்கலைத் தீர்க்க இதைச் செய்தார்கள்? எந்தச் சோதனைகளை இது இன்னும் சந்திக்கவில்லை? இது வேலை செய்யும்போது மறுமுனையில் யார் இருக்கிறார்கள்? மூன்றுக்கும் விடை தேடிய பிறகும் அது உங்களுக்குப் பிடித்திருந்தால், தாராளமாக ரசியுங்கள். என் வகுப்பில் அதைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்குவேன்.