கூண்டில் பெருகினால் போதுமா?

விதைநெல்லைப் பத்திரப்படுத்துவது மூட்டையிலேயே வைத்திருப்பதற்காக அல்ல. அருகிவரும் விலங்குகளை மிருகக்காட்சிச்சாலைகளில் இனம்பெருக்குவது பற்றியும் எமது எண்ணம் இதுவே. இதற்கு அரேபியப் பாலைவனத்து ஓரிக்ஸின் கதையைச் சொல்லலாம்.

ஓரிக்ஸ் என்பது நீண்டு நிமிர்ந்த கொம்புகளுடைய வெண்ணிற மான் போன்ற விலங்கு. தண்ணீர் குடியாமலே நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் மோட்டார் வாகனங்களில் துவக்குகளோடு வந்தவர்களிடமிருந்து அதனால் தப்ப முடியவில்லை. 1962இல் இன்றைய யேமன் பகுதியில் சிலர் தேடி அலைந்து நான்கைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று இறந்தது. எஞ்சிய மூன்றோடு இலண்டன், குவைத், சவூதி அரேபியா ஆகிய இடங்களிலிருந்து கிடைத்தவையும் சேர, அமெரிக்காவின் பீனிக்ஸ் மிருகக்காட்சிச்சாலையில் ஒன்பது விலங்குகளுடன் ஒரு பட்டி உருவாயிற்று.

எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன் என்று பதிவேடு வைத்தார்கள். நெருங்கிய இரத்த உறவுள்ளவை சேராதபடி இணை தேர்ந்தார்கள். ஒரே நாம்பனைப் பல ஆண்டுகள் பட்டியில் விட்டால் கன்றுகள் நலிவதை நாம் அறிவோம் அல்லவா? அதே கணக்குத்தான்.

1972இல் காட்டில் வாழ்ந்த கடைசி ஓரிக்ஸ்கள் ஓமானில் கொல்லப்பட்டன. பட்டி மட்டுமே மிஞ்சியது. 1980இல் அமெரிக்காவிலிருந்து சில விலங்குகளை ஓமானுக்குக் கொண்டுவந்து, கூட்டமாய் வாழப் பழகும்வரை வேலிக்குள் வைத்திருந்தார்கள். 1982இல் முதல் பத்தும் வெளியே விடப்பட்டன. அவற்றைக் காக்க அமர்த்தப்பட்டவர்கள் அந்நிலத்து மேய்ச்சற்காரரான ஹராசிஸ் மக்கள். இத்திட்டத்தில் எமக்கு மிகப் பிடித்த அம்சம் இதுதான். மேடு பள்ளமெல்லாம் அறிந்தவர்களைவிட நல்ல காவலர் வேறு யார்?

1996 அளவில் அவை ஏறத்தாழ நானூறாகப் பெருகின. அதன்பின் நடந்ததுதான் வேதனை. செல்வந்தர்களின் தனியார் விலங்குக் கூடங்களுக்கு விற்பதற்காகத் திருடர்கள் அவற்றை உயிரோடு பிடிக்கலாயினர். துரத்தும்போதே பல மாண்டன. ஒருவகைக் கூண்டு காப்பாற்றியதை இன்னொருவகைக் கூண்டு கொள்ளையிட்டது என்றே சொல்வோம். 2007இல் அறுபத்தைந்தே எஞ்சின. எண்ணெய் வளம் தேடுவதற்காக அரசும் சரணாலயத்தின் பரப்பை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைத்தது. 1994இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த அவ்விடத்தை யுனெஸ்கோ அதே 2007இல் நீக்கியது. அப்பட்டியலிலிருந்து ஓர் இடம் நீக்கப்பட்டது அதுவே முதற்தடவை.

இதற்காக மிருகக்காட்சிச்சாலைகளைக் குறைகூறுவது நியாயமல்ல. அவை தம் வேலையைச் செய்தன. ஆனால் எத்தனை குட்டிகள் பிறந்தன என்று பெருமையோடு கணக்குக் காட்டுவோரிடம், அவை திரும்பிப்போக நிலம் எவ்வளவு இருக்கிறது, அதைக் காப்பவர்களுக்குச் சம்பளம் எத்தனை ஆண்டுக்கு உறுதி என்றும் நாம் கேட்கவேண்டும்.

பிற அரபு நாடுகளிலும் இஸ்ரேலிலும் ஓரிக்ஸ்கள் விடப்பட்டன. 2011இல் வெளியில் வாழ்பவை சுமார் ஆயிரம் என மதிப்பிடப்பட்டு, அழிவின் விளிம்பிலிருந்து ஒரு படி விலகியதாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆயிரத்தில் ஓமானின் பங்கு மிகச் சிறியது.