கணவரின் எடையையும் பாருங்கள்

குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வரும் தம்பதியரில் எடை பற்றிய கண்டிப்பு பெரும்பாலும் மனைவிக்குத்தான். 'பத்து கிலோ குறைத்துவிட்டு வாருங்கள்' என்பது அவருக்குச் சொல்லப்படுகிறது. கணவருக்கு ஒரு விந்தணுப் பரிசோதனை. எண்ணிக்கை பரவாயில்லை என்றால் அவர் பாடு அத்தோடு முடிந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் கூடுதல் எடை உள்ளவர்கள். ஆண்களில் அது 37 சதவீதம். இடைவெளி இவ்வளவு குறைவாக இருக்கும்போது, எடைக்கான பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது மருத்துவமும் அல்ல, நியாயமும் அல்ல.

ஆணின் உடலில் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. விந்தணு உற்பத்திக்கான ஹார்மோன் சமநிலை குலைகிறது. டென்மார்க்கில் உடல் பருமன் கொண்ட 56 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், எட்டு வாரக் குறை கலோரி உணவால் சராசரியாக 16.5 கிலோ குறைந்தது; விந்தணு எண்ணிக்கை சுமார் 40 சதவீதம் உயர்ந்தது. குறைந்த எடையைத் தக்கவைத்தவர்களிடமே அந்தப் பலனும் நிலைத்தது. 'விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதுமே, ஆணின் எடையால் என்ன?' என்று கேட்கலாம். செயற்கைக் கருத்தரிப்பின் வெற்றியை ஆணின் எடை எந்த அளவு பாதிக்கிறது என்பதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை என்பது உண்மைதான். ஆனால் இக்ஸிவரை போகாமலே கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டுவதும் சிகிச்சையின் வேலைதானே? விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். பரிசோதனைகளில் கழியும் காலமே கணவருக்குப் போதிய அவகாசம்.

மனைவியின் விஷயத்தில் நடப்பது வேறு தவறு. பருமன் உள்ள பெண்களுக்குக் கூடுதல் ஹார்மோன் மருந்து தேவைப்படலாம், கருச்சிதைவு வாய்ப்பும் அதிகம். ஐவிஎஃப் வழியே உயிருடன் குழந்தை பிறக்கும் விகிதம் சற்றுக் குறைகிறது. அப்படியானால் எடையைக் குறைத்துவிட்டுத் தொடங்கினால் வெற்றி கூடவேண்டும் அல்லவா? நெதர்லாந்தில் 577 பெண்களிடம் இதைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஆறு மாத வாழ்க்கைமுறைப் பயிற்சி, பிறகு சிகிச்சை. மறு பிரிவுக்கு உடனே சிகிச்சை. நிறைமாதத்தில் இயல்பான பிரசவத்தில் ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பிறந்தது முதல் பிரிவில் 27 சதவீதம், காத்திருக்காத பிரிவில் 35 சதவீதம். 2017இல் வெளியான சுவீடன் தலைமையிலான ஆய்வில் பெண்கள் ஒன்பது கிலோவுக்கு மேல் குறைத்தும் ஐவிஎஃப் வெற்றி குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. எனினும் இரண்டு ஆய்விலும் எடை குறைத்த பிரிவில் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் அதிகம். நெதர்லாந்தில் அது 26 சதவீதம், உடனே சிகிச்சை பெற்ற பிரிவில் 16 சதவீதம். ஆக, எடைக் குறைப்பால் பலன் உண்டு. அதைக் காட்டிச் சிகிச்சையின் கதவை அடைப்பதுதான் தவறு.

கர்ப்பகால நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், முட்டை எடுக்கும்போது மயக்க மருந்தால் வரும் சிக்கல் ஆகியவற்றைச் சுட்டி மருத்துவர்கள் தயங்குவதை அலட்சியம் செய்ய முடியாது. மிக அதிக பருமனில் அந்தத் தயக்கம் சரியானதே. ஆனால் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உள்ள 28 வயதுப் பெண் ஐந்து முதல் பத்து சதவீத எடையைக் குறைத்தாலே சினைமுட்டை வெளிப்படுவது சீராகலாம். அவர் காத்திருப்பதில் பொருள் உண்டு. 38 வயதுப் பெண்ணை ஓராண்டு காக்க வைத்தால், எடையில் கிடைக்கும் ஆதாயத்தை வயது பறித்துக்கொண்டுவிடும். இருவருக்கும் ஒரே பிஎம்ஐ (உடல் நிறை குறியீட்டு எண்) வரம்பு எப்படிப் பொருந்தும்? பிரிட்டனில் பல பகுதிகளில் பெண்ணின் பிஎம்ஐ 30ஐத் தாண்டினால் அரசுச் செலவில் ஐவிஎஃப் கிடையாது. நமது 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என வயது வரம்பு மட்டுமே விதிக்கிறது. எடை வரம்பு அதில் நுழையக் கூடாது.

'ஆண்களைப் பரிசோதனைக்கு அழைத்து வருவதே பெரும்பாடு, எடையையும் பார்த்தால் வரவே மாட்டார்கள்' என்ற முணுமுணுப்பு மையங்களில் எழலாம். அந்தத் தயக்கத்துக்கு மருத்துவமும் பணிந்துபோவதால்தான் பழி முழுவதும் பெண்மேல் விழுகிறது. வீட்டில் அடுப்பு ஒன்று. கணவர் இரவில் பரோட்டா சாப்பிட, மனைவி மட்டும் பத்தியம் இருப்பது எத்தனை நாள் நடக்கும்? முதல் வருகையிலேயே இருவரின் எடை, இடுப்பளவு, ரத்தச் சர்க்கரையைக் குறிக்கவும், உணவு ஆலோசனையை இருவருக்கும் சேர்த்தே தரவும் சுகாதாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட வேண்டும். எடையைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் மையம், எத்தனை மாதம், மனைவியின் வயதையும் முட்டை இருப்பையும் எப்படிக் கணக்கில் எடுத்தது என்பதைத் தம்பதியிடம் எழுத்தில் தர வேண்டும்.