"வாயைக் கட்டத் தெரியாது" என்று சொல்வதை நிறுத்துவோம்

எங்கள் வீடுகளில் யாருக்காவது சலரோகம் வந்தால் தீர்ப்பு ஒன்றுதான்: "வாயைக் கட்டத் தெரியாது." நானும் அப்பாவுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். இரவு பத்து மணிக்குப் பெற்றோல் நிலையத்துக்கு வேலைக்குப் போய், விடிய வந்து, பகலில் அரைத் தூக்கம் தூங்குகிற மனுசனிடம், "கொஞ்சம் நடக்கப் போங்கோ அப்பா" என்று புத்தி சொன்னவள் நான். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

லண்டனில் ஜூபிலி லைனில் வெஸ்ட்மின்ஸ்டரில் ஏறிக் கிழக்கே கன்னிங் டவுன் வரை போய்ப் பாருங்கள். எட்டு நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சராசரி ஆயுளில் கிட்டத்தட்ட ஒரு வருடம் குறைகிறது என்று சுகாதார ஆய்வாளர்கள் ஒரு காலத்தில் கணக்கிட்டுக் காட்டினார்கள். கன்னிங் டவுன் இருப்பது நியூஹாமில். நாங்கள் சேலை எடுக்கவும் கொத்து ரொட்டி சாப்பிடவும் போகிற ஈஸ்ட் ஹாமும் அதே நியூஹாம்தான். அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் வாயைக் கட்டத் தெரியாதா?

"வைத்தியம் இலவசம்தானே" என்பீர்கள். 1948 இலிருந்து இலவசம்தான். ஆனால் 2016–18 இல் இங்கிலாந்தின் மிக வசதியான பகுதி ஆண்களுக்கும் மிக வறிய பகுதி ஆண்களுக்கும் இடையே ஆயுளில் 9.5 வருட வித்தியாசம் இருந்தது.

1967 இல் லண்டன் அரச அலுவலக ஆண்களிடம் வைட்ஹோல் ஆய்வு தொடங்கியது. எல்லோருக்கும் நிரந்தர வேலை, யாரும் பட்டினி இல்லை. இருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு வீதம் உச்சப் பதவியில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்கு. புகைத்தலும் கொழுப்பும் அதில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின. தன் நேரமும் வேலையும் தன் கையில் இல்லாத ஒருவரின் உடம்பு மெல்ல மெல்லத் தேய்கிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

வாடகை குறைந்த கிராமத்துக்குப் போனால் தப்பலாமா? வேல்ஸின் கிளின்கோரக் என்ற சுரங்கக் கிராமத்தில் வைத்தியராக இருந்த ஜூலியன் ரியூடர் ஹார்ட் 1971 இலேயே எழுதிவிட்டார்: நல்ல வைத்தியம் எங்கே அதிகம் தேவையோ, அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது. 2021 இல் இங்கிலாந்தின் தலைமை வைத்திய அதிகாரி கரையோர ஊர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும் அதே கதைதான்: நோய் கூட, வைத்தியர்கள் குறைவு. நகரத்தில் வாடகை உறிஞ்சுகிறது. கிராமத்தில் தூரம் உறிஞ்சுகிறது. கார் இல்லாதவருக்கு இலவச வைத்தியசாலையும் எட்டாத இடம்தான்.

சீனியைக் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புத்தி சொல்வதற்குக் காசு செலவில்லை. சம்பளத்தை உயர்த்தவும், சுகமில்லாத நாளுக்குச் சம்பளம் கொடுக்கவும், இரவு வேலையைக் குறைக்கவும் காசு செலவாகும். அதனால்தான் எல்லோரும் புத்தி மட்டும் சொல்கிறார்கள்.

அடுத்த முறை அப்பாவின் தட்டைப் பார்க்க முதல், அவருடைய வேலை நேர அட்டவணையைப் பாருங்கள். பிறகு, வாக்குக் கேட்டு உங்கள் கதவைத் தட்டுகிறவரிடம் அதைக் காட்டிக் கேள்வி கேளுங்கள்.