நாடகம் முடிந்ததும் பிரதி எங்கே போகிறது?

ஷேக்ஸ்பியர் 1616-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், தம் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் காலமானார். வயது 52. அவருடைய நாடகங்களில் ஏறக்குறைய பாதி அன்று வரை அச்சேறவில்லை. ‘மெக்பெத்’, ‘ஜூலியஸ் சீசர்’ இரண்டுமே அதில் அடங்கும். அவை நாடகக் குழுவிடம் கையெழுத்துப் பிரதிகளாக இருந்தன. அந்தக் குழுவின் குளோப் அரங்கமோ மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் தீப்பிடித்துச் சாம்பலாகியிருந்தது. நாடகத்துக்காக வெடித்த பீரங்கியின் பொறி ஓலைக் கூரையில் விழுந்ததால் வந்த வினை.

வகுப்பில் ஷேக்ஸ்பியரைப் பற்றிப் படைக்கும் மாணவர்கள் பெரும்பாலும் வாழ்க்கைக் குறிப்பை ஒப்பிப்பார்கள். கையுறை செய்பவரின் மகன், பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர், 18 வயதில் திருமணம், மூன்று பிள்ளைகள், 11 வயதில் இறந்துபோன ஒரே மகன் ஹேம்னெட். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வாழ்க்கையின் முக்கியமான அத்தியாயம் அவர் இறந்த பிறகு நடந்தது என்பது என் கருத்து.

தம் கவிதை நூல்களை அச்சிட்ட ஷேக்ஸ்பியர், நாடகங்களைத் தொகுக்க முயன்றதாகத் தெரியவில்லை. நாடகம் குழுவின் சொத்து. அச்சிட்டால் போட்டிக் குழு எடுத்து நடித்துவிடும். அவர் போன பின், உடன் நடித்த ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல் என்னும் இருவர் பிரதிகளைத் தேடிச் சேர்த்தார்கள். தம்மை நினைத்து மோதிரம் வாங்கிக்கொள்ளும்படி உயிலில் ஷேக்ஸ்பியர் ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் விட்டுச்சென்ற நண்பர்கள் அவர்கள். 1623-இல் 36 நாடகங்கள் கொண்ட பெருந்தொகுப்பு வெளிவந்தது. அவற்றில் 18 அப்போதுதான் முதன்முறையாக அச்சு கண்டன.

இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு? 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ‘மெக்பெத்’தை ‘மகபதி’ என்றும், ‘ஆஸ் யூ லைக் இட்’டை ‘விரும்பிய விதமே’ என்றும், ‘சிம்பலின்’ நாடகத்தை ‘சிம்ஹளநாதன்’ என்றும் தமிழாக்கினார். இந்த மூன்றின் மூலமும் அந்த 1623 தொகுப்பில் மட்டுமே தப்பிப் பிழைத்தவை. அந்த இரண்டு நடிகர்கள் சும்மா இருந்திருந்தால், ‘மகபதி’யும் நமக்கு இல்லை.

பம்மலார் தம் நாடகங்களைத் தாமே அச்சிட்டு வைத்த கெட்டிக்காரர். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) கதை வேறு. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ என எழுதிக் குவித்தார். பிரதியைக் காத்தவர்கள் பாடம் பண்ணிய சிறுவர்களே. 1918-இல் மதுரையில் அவருடைய பாலர் சபையில் சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயதுதான். பின்னாளில் ஆசிரியரின் பெயரை மங்கவிடாமல் காத்தவர்களில் அவரே முதன்மையானவர். அப்படியும் சுவாமிகளின் நாடகங்கள் பல கிடைக்கவில்லை. மொத்தம் எத்தனை எழுதினார் என்பதிலேயே ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

நம் நாட்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பினாங்கில் தோன்றிய பங்சாவான் நாடகக் குழுக்கள் ‘ஹேம்லெட்’டை மலாயில் நடித்தன. கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு நடிகர்கள் மேடையிலேயே வசனம் பேசினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் வசனமும் காற்றோடு போயிற்று.

இப்போது கிள்ளானுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு கலை இரவில், தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பத்தைப் பற்றி இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். படிவம் 5 மாணவி ஒருவர் எழுதியது. தாத்தா வேடமிட்ட பையன் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டபோது அரங்கமே அடங்கிப்போனது. மறு மாதம் பிரதி கேட்டேன். “புலனத்தில்தான் இருந்தது ஐயா, கைப்பேசி மாற்றியதில் போய்விட்டது” என்றார். பிரிக்பீல்ட்ஸ் மேடைகளிலும் பல்கலைக்கழகத் தமிழ் விழாக்களிலும் இதே கதைதான். காணொளி எடுக்கிறோமே என்பீர்கள். பாதி வசனம் கைதட்டலில் மூழ்கிய காணொளியை வைத்து அடுத்த அணி எப்படி ஒத்திகை பார்க்கும்?

வேலை பெரிதல்ல. கடைசி ஒத்திகையில் மாற்றிய வசனங்களையும் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள். நடித்தவர் பெயர், நாள், இடம் குறியுங்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றைப் பள்ளி நூல்நிலையத்திலும் மற்றொன்றை உங்கள் ஆசிரியரிடமும் கொடுங்கள். முகப்பில் எழுதியவரின் பெயர் கட்டாயம் இருக்கட்டும். ஷேக்ஸ்பியரின் முதல் நாடகப் பதிப்புகளில் அவர் பெயரையே போடவில்லை. 1598-இல்தான் அது நாடக நூலின் முகப்புக்கு வந்தது.