விமானியின் ஓய்வு நமக்கென்ன?

2025 டிசம்பர் முதல் வாரம். மும்பையில் ரயில்வே முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பது என் தொழில். என் ஜன்னலுக்கு முன்னால் வழக்கமாக நிற்பவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். தாராவியிலிருந்து வந்து, திருநெல்வேலிக்கு ஸ்லீப்பர் கிடைக்குமா என்று கேட்கும் நம் மக்கள்தான். அந்த வாரம் வரிசை மாறிப்போயிருந்தது. விமான நிலையத்திலிருந்து நேராக வந்தவர்கள், சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு நின்றார்கள். எந்த வண்டியானாலும் சரி, எந்த வகுப்பானாலும் சரி, ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றார்கள். மறுநாள் பேத்தியின் திருமணம் என்று சொல்லி ஒரு பெரியவர் கண் கலங்கினார்.

அன்று மாலை சங்க அறையிலும் இதே பேச்சு. அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, நான் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிக்கேன். மாசத்துல ரெண்டு நாள் லீவு கிடைச்சாலே பெரிசு. லட்சம் லட்சமாச் சம்பளம் வாங்குற பைலட்டுக்கு வாரத்துல ரெண்டு நாள் ஓய்வு வேணுமாம்! அதுக்காக ஊரெல்லாம் தெருவுல நிக்கணுமா?"

நியாயமான கேள்வி. வயிற்றிலிருந்து வந்த கேள்வி. அன்று அவருக்குச் சொன்ன பதிலையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகளை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வெளியிட்டது 2024 ஜனவரியில். வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை என்றிருந்த இரவு நேரக் கணக்கு, காலை 6 மணி வரை என்று நீண்டது. இரவு வேலையில் ஒரு விமானி ஆறு முறை வரை தரையிறக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது.

உடனே நடைமுறைக்கு வந்ததா? இல்லை. கம்பெனிகள் முணுமுணுத்தன. விதி தள்ளிப்போனது. விமானிகளின் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தின் படிகளில் நின்றன. கடைசியில் 2025 ஜூலை 1-இல் ஒரு பகுதி, நவம்பர் 1-இல் மறு பகுதி என்று இரண்டு தவணையாக வந்தது. ஆக, தயாராவதற்குக் கம்பெனிகளுக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ இருபத்திரண்டு மாதம்!

உள்நாட்டு விமானப் பயணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்வது இண்டிகோ. அந்த நிறுவனம் டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளில் 2,507 விமானங்களை ரத்து செய்தது. 1,852 விமானங்கள் தாமதமாயின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அவதிப்பட்டார்கள். இது அரசுத் தரப்பே பின்னால் சொன்ன கணக்கு.

பழி யார் மேல் விழுந்தது? ஓய்வு கேட்டவன் மேல்! "பைலட்டுகள் தூங்கப் போய்விட்டார்கள்" என்று என் ஜன்னலுக்கு முன்னாலேயே சிலர் பேசிக்கொண்டார்கள். ஆனால் விசாரணை நடத்திய இயக்குநரகம் என்ன சொன்னது? ஆட்களையும் விமானங்களையும் மிச்சமில்லாமல் இறுக்கிப் பிடித்து ஓட்டியதும், புதிய விதிக்குத் தக்கபடி ஆயத்தமாகாததும் நிர்வாகத்தின் குறை என்றது. 2026 ஜனவரியில் 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

அபராதம் பெரிதுதானே என்று நினைக்காதீர்கள். 2024-25 நிதியாண்டில் அந்த நிறுவனத்தின் நிகர இலாபம் சுமார் 7,258 கோடி ரூபாய். முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாள் இலாபம் ஏறத்தாழ 20 கோடி. மூன்று லட்சம் பேரைத் தவிக்கவிட்டதற்குத் தண்டனை, ஒரு நாள் இலாபத்தைவிடச் சற்றே அதிகம்!

விடுப்பும் ஓய்வும் ஒன்றா?

இதைவிட முக்கியமான ஒன்று அந்த நாட்களில் சத்தமில்லாமல் நடந்தது. விடுப்பை வார ஓய்வுக்குப் பதிலாகக் கணக்கிடக் கூடாது என்று இயக்குநரகம் முன்பு உத்தரவிட்டிருந்தது. டிசம்பர் 5-ஆம் தேதி அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இரவு வேலை பற்றிய விதிகளிலிருந்தும் அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது.

இது நமக்குப் புரியாத சங்கதியா? தாய்க்கு உடம்பு சரியில்லை என்று மூன்று நாள் லீவு போட்டு ஊருக்குப் போய்வருகிறோம். திரும்பி வந்ததும் மேஸ்திரி சொல்கிறார்: "அதில் ஒரு நாள் உன் வார லீவு. இந்த வாரம் உனக்கு லீவு கிடையாது." அதே வித்தைதான், தோழர்களே! கட்டடத் தொழிலாளியிடம் மேஸ்திரி செய்வதை, வானத்தில் பறக்கிறவனிடம் செய்ய ஒரு பெரிய கம்பெனிக்கு வழி திறந்துவிடப்பட்டது.

லட்சம் சம்பளம் என்கிறார்களே!

உண்மைதான். தலைமை விமானியின் மாதச் சம்பளம் நம்மில் பலருடைய ஆண்டு வருமானத்தைவிட அதிகம். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் அந்தச் சம்பளம் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

விமானியின் சம்பளத்தில் பெரும்பகுதி பறக்கும் மணிக்கணக்கைப் பொறுத்தது. விமானம் புறப்பட நகரத் தொடங்கியது முதல் இறங்கி நிற்கும் வரைதான் அந்தக் கணக்கு. அதற்கு முன்னால் விமான நிலையத்தில் காத்திருப்பதும், ஹோட்டல் அறையில் அடுத்த அழைப்புக்காகக் கிடப்பதும் அதில் சேராது. பீடி சுற்றும் நம் பெண்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு, தாராவியில் துணி தைப்பவருக்கு உருப்படிக்கு இவ்வளவு. விமானிக்கு மணிக்கு இவ்வளவு. தொகை வேறு, சூத்திரம் ஒன்று. அதிகம் வேண்டுமா, ஓய்வைக் குறைத்துக்கொள்! 2023-இல் ஏர் இந்தியா, மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த ஊதியத்தை 40 மணி நேரமாகக் குறைத்தபோது விமானிகள் எதிர்த்ததன் காரணம் இதுதான்.

இந்த லட்சமும் நிச்சயமானதா? 2012-இல் கிங்ஃபிஷர் மூழ்கியது. 2019 ஏப்ரல் 17-இல் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. இரண்டிலும் விமானிகள் முதல் சுமை ஏற்றுபவர்கள் வரை மாதக்கணக்கில் சம்பளம் காணாமல் நின்றார்கள். வேலை பிடிக்காவிட்டால் விட்டுப் போகலாமே என்றால், தலைமை விமானி ஓராண்டும், துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2017-இல் ஒரு விதி வந்தது. கூண்டு தங்கம்தான். இருந்தாலும் கூண்டு.

பின்னால் உட்கார்ந்திருப்பது யார்?

சம்பளக் கணக்கை ஒதுக்கிவைப்போம். விமானி நல்லவரோ கெட்டவரோ, பணக்காரரோ ஏழையோ, அவர் கண் அசந்தால் சாவது யார்?

2010 மே 22. துபாயிலிருந்து நள்ளிரவு கடந்து புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், விடியற்காலையில் மங்களூர் மேட்டு ஓடுதளத்தில் இறங்கியது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்த் தரை தொட்டது. ஓடுதளம் போதாமல் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் பிழைத்தவர்கள் 8 பேர். மாண்டவர்கள் 158 பேர். அவர்களில் மிகப் பலர் வளைகுடாவில் உழைத்துவிட்டு லீவில் ஊர் திரும்பிய தொழிலாளிகளும் அவர்கள் குடும்பத்தினரும்.

விசாரணை மன்றம் விமானி அறையின் ஒலிப்பதிவைக் கேட்டது. தலைமை விமானி ஒரு மணி நாற்பது நிமிடம் உறங்கியிருந்தார். குறட்டை ஒலி பதிவாகியிருந்தது. இறங்கும் நேரத்தில் மேலே எழும்பிவிடும்படி துணை விமானி மூன்று முறை சொன்னார். தலைமை விமானி கேட்கவில்லை. நீண்ட தூக்கத்திலிருந்து விழித்தவனின் மந்தம் அவர் தீர்ப்பைக் கெடுத்திருக்கலாம் என்று மன்றம் எழுதியது.

விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை மனித உடல் தூக்கத்துக்கு இழுக்கும். சம்பளச் சீட்டைக் காட்டினால் அது விழித்துக்கொள்ளாது. நம் காவல்காரத் தோழருக்குத் தெரியாததா இது? அவர் கண் அசந்தால் ஒரு கதவு திறந்து கிடக்கும். வளைகுடாவிலிருந்து இரவில் கிளம்பும் விமானத்தில் இருப்பவர்களோ நம் தம்பிகள், மச்சான்கள்.

அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரருகே ஒரு சிறு விமானம் விழுந்து 50 பேர் மாண்டார்கள். அதன் துணை விமானி குறைந்த சம்பளக்காரப் பெண். வேலை செய்யும் ஊரில் வீடு வைத்துக் குடியிருக்கவில்லை. நாட்டின் மறு கோடியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். மாண்டவர்களின் குடும்பத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? விமானிகளைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தலைநகருக்குத் திரும்பத் திரும்பப் போய், படியேறி, சட்டம் கேட்டார்கள். 2010-இல் சட்டம் வந்தது. 2014 ஜனவரி முதல் பயணிகள் விமானங்களின் விமானிகளுக்குப் பத்து மணி நேர ஓய்வு கட்டாயமானது. விமானியின் தூக்கத்துக்காகப் போராடியவர்கள் பயணிகளின் தாய் தந்தையர்!

எங்கள் வீட்டுக் கதை

இப்போது என் சொந்த இலாகாவுக்கு வருகிறேன். விமானங்கள் நின்றதும் ரயில்வே கைகொடுத்தது. 37 வண்டிகளில் 116 கூடுதல் பெட்டிகள் இணைக்கப்பட்டன. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெட்டிகளை இழுத்தது யார்?

என்ஜின் டிரைவர். இன்று அவருக்கும் பெயர் 'லோகோ பைலட்'. பெயரில் பைலட் ஆகிவிட்டார். ஓய்வில்? 2024 ஜூன் 1 முதல் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் போராடினார்கள். வேலை முடிந்து வந்த 16 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 30 மணி நேர வார ஓய்வு, ஆக 46 மணி நேரம் கேட்டார்கள். 16-ஐயும் 30-க்குள் அடக்கும் கணக்கை ஏற்க மறுத்தார்கள். விடுப்பையும் வார ஓய்வையும் ஒன்றாக்கிய அதே வித்தை! 1973-லேயே பத்து மணி நேர வேலைக்கு வாக்குறுதி வாங்கியவர்கள் இவர்களுடைய முன்னோர்கள். அது காகிதத்தில் நின்றதும் 1974 மே மாதத்துப் பெரும் வேலைநிறுத்தத்துக்கு ஒரு காரணம் என்று மூத்த தோழர்கள் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

விமானியின் ஓய்வு அவசரத்தின் பெயரால் வளைந்தால், என்ஜின் டிரைவரின் ஓய்வு எந்த மூலைக்கு? அதற்கும் கீழே நிற்கும் நம் காவல்காரரின் ஓய்வு?

டிக்கெட் விலை ஏறாதா?

ஏறலாம். ஓய்வு கொடுக்க வேண்டுமென்றால் ஆள் கூடுதலாக வேண்டும். ஊரில் சாவு என்றால் கடன் வாங்கியாவது விமானம் ஏறுகிற குடும்பங்கள் நம்மிடமும் உண்டு. ஆகவே இது விளையாட்டுப் பேச்சல்ல. ஆனால் டிசம்பரில் விலை ஏறியபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு போட்டதே! கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. விலையை இலாபத்திலிருந்து குறைக்கச் சொல்வோம். தூக்கத்திலிருந்து குறைக்கச் சொல்ல வேண்டாம்.

விமானிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெட்டியை ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளியும், விமானத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணும் ஓய்வு கேட்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? இதுவரை பலர் தனியாகவே நின்றீர்கள். அதனால்தான் டிசம்பரில் உங்களுக்காகப் பேச ஆளில்லாமல் போயிற்று.

நம் காவல்காரத் தோழருக்கு என் பதில் இதுதான். தம்பி, உனக்கு ஓய்வு இல்லை என்பதால் அவனுக்கும் வேண்டாம் என்று சொன்னால் மகிழ்கிறவன் உன் காண்டிராக்டர். அவனுக்கு 48 மணி நேரம் கிடைத்தது என்றால், எனக்கு 24 மணி நேரமாவது எங்கே என்று கேள். சம்பளத்தோடு கேள்.

தனியாகக் கேட்டால் வேலை போகும். ஆகவே ஒன்று செய்வோம். சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும், போன மாதம் எந்தெந்த நாள் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள், எத்தனை நாள் விடுமுறை கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். டூட்டி முடிந்து மாலை ஏழு மணிக்கு மேல் சங்க அறையில் இருப்பேன். அந்தத் தாள்களை ஒன்றாகக் கட்டித் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வோம்.

காவல்காரத் தோழர் தன் தாளை அன்றிரவே எழுதிக் கொடுத்துவிட்டார். முப்பது நாளில் இருபத்தெட்டு நாள், பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரம். முதல் தாள் என்னிடம் இருக்கிறது. மற்றவை எங்கே, தோழர்களே?