தானாக வந்து சேராது

"அறிவியல் வளர்ந்தால் எல்லாரும் தானாக நன்றாக வாழ்வார்கள்." பட்டிமன்றத்தில் கேட்டிருக்கிறோம், பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதியிருக்கிறோம், இப்போது பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். இது உண்மையென்றால், முதலில் பலித்திருக்க வேண்டிய ஊர் நான் குடியிருக்கும் கலிபோர்னியாவின் சான் ஹோசேதான். சிஸ்கோ, அடோபி என்ற பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தலைமையகம் இங்கேதான்.

இந்த ஊரின் 22ஆம் எண் பேருந்தில் நள்ளிரவுக்கு மேல் ஏறிப் பாருங்கள். வீடில்லாதவர்கள் சாமான் கட்டிய குப்பைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். கடைசி நிறுத்தமான பாலோ ஆல்டோ வந்ததும் இறங்குகிறார்கள். அடுத்த பேருந்தில் ஏறி, வந்த வழியே தூங்கியபடி திரும்புகிறார்கள். அந்தப் பேருந்துக்கு 'ஹோட்டல் 22' என்றே பெயர். வீடில்லாதவர்கள் இந்த நகரத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். கயோட்டி ஓடைக்கரையில் 'ஜங்கிள்' என்ற கூடாரக் குடியிருப்பை 2014 டிசம்பரில் நகராட்சி காலி செய்தது. கூடாரங்கள் போயின, வீடில்லாதவர்கள் போகவில்லை.

"உழைக்காதவர்கள்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மென்பொருள் எழுதுபவரின் சம்பளத்தோடு ஊர் வாடகையும் ஏறுகிறது. அவருடைய அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவரின் கூலி அந்த வேகத்தில் ஏறுவதில்லை. வேலை இருந்தும் வீடில்லாமல் போவது இப்படித்தான். இந்தத் துறையின் சம்பளத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் இதைப் பார்த்தும் பாராமல் இருப்பது சரியில்லை.

லாபம் சிலருக்குப் போனது போலவே நஷ்டமும் சிலர் தலையில்தான் விழுந்தது. தெற்கு சான் ஹோசேயில் ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் சிப் ஆலை இருந்தது. அதன் நிலத்தடித் தொட்டியிலிருந்து ரசாயனக் கரைப்பான் கசிந்து குடிநீர்க் கிணற்றில் கலந்தது 1981 கடைசியில் தெரியவந்தது. அந்தப் பகுதியில் கருச்சிதைவும் பிறவிக் குறைகளும் வழக்கத்தைவிட அதிகம் என்று மாநில சுகாதாரத் துறையின் ஆய்வு கண்டது. கசிவுதான் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆனாலும் அந்த வீடுகளின் தாய்மார்கள் விடவில்லை. கேள்வி கேட்டார்கள், கூட்டம் கூட்டினார்கள். நிலத்தடித் தொட்டிகளுக்குக் கடுமையான சட்டம் வந்தது கசிவு வெளியே வந்து, மக்கள் குரல் எழுப்பிய பிறகுதான்.

"தடுப்பூசி எல்லாரையும் காப்பாற்றவில்லையா?" என்று கேட்பார்கள். காப்பாற்றியது. ஆனால் போலியோ சொட்டு மருந்து ஆய்வகத்திலிருந்து நம் கிராமத்துக்குத் தானாக நடந்து வரவில்லை. காசு வாங்காமல் கொடுப்பது என்று அரசு முடிவெடுத்தது. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது அவர்கள் நடந்த நடையால். மருந்தைக் கண்டுபிடித்தது அறிவியல். எல்லாருக்கும் கொடுத்தது அரசியல்.

நான் எதிர்ப்பது அறிவியலை அல்ல, 'தானாக' என்ற அந்தச் சொல்லை. ஏரி நிறைந்துவிட்டால் கடைமடை வயல் நனைந்துவிடாது. மடை திறக்க வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், வழியில் மறிப்பவரைத் தட்டிக் கேட்க வேண்டும். சான் ஹோசேயில் ஏரி எப்போதோ நிறைந்துவிட்டது.